சிங்கமலை டனல்ல பாதி லோட் ஆன படம்

போன கெழம தம்பி வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பிட்டு "அண்ணே, ஒங்க சைட் இன்னும் உசுரோடதான் இருக்குது"ன்னு போட்டிருந்தான். தொறந்தேன். மொதல்ல ஒரு விளம்பரம், அத மூடுற எக்ஸ் எங்க இருக்குன்னு தேடித் தட்டுனா இன்னொரு விளம்பரம், கடன் வேணுமா, கிரிக்கெட்டுக்கு பெட் கட்டுறீங்களா, தொப்பை கொறையணுமா. அதுக்கெல்லாம் அடியில எப்பவோ பார்த்த பழைய வடிவேலு படம் ஒன்னு. ஒரு நிமிஷம்கூட நிக்கல, மூடிட்டேன். ஆனா "ஒங்க சைட்"னு அவன் சொன்னது ரெண்டு நாளா காதுலயே நிக்குது, ஏன்னா தமிழ்ல சிரிப்புப் படம் போடுற அந்த சைட், ஒரு காலத்துல நெசமாவே என் சைட்தான். பேர் சொல்ல மாட்டேன். எங்க பக்கம் அந்த நேரம் நெட் பாவிச்ச பயலுகளுக்கு சொல்லாமலே வெளங்கும், மத்தவங்களுக்கு தெரிஞ்சி ஆகப்போறது ஒன்னுமில்ல.

2014ல நான் இலங்கை மலையகத்துல, தலவாக்கலையில, கேம்பஸ் போறதுக்கு எழுதுற ஏஎல் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தேன். வீட்டுல சிக்னல் கெடையாது. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளிங்க இருக்குற லைன் வீட்டுக்கு, மேல மலைக்கு ஏறுற வழியில ஒரு பாறை இருக்கு, அதுல ஏறி நின்னா ரெண்டு கோடு வரும், ஒக்காந்தா ஒன்னுதான். டேட்டா கார்ட் போட்டா பாதிக்கு மேல நைட் டேட்டாவா தருவானுங்க, ராத்திரி பன்னண்டுல இருந்து காலையில எட்டு வரைக்கும். அதனால நானும் பக்கத்து லயத்து மச்சான் ஒருத்தனும் கம்பளிய போத்திக்கிட்டு, அட்டைக்கு காலுல சவர்க்காரம் தேச்சிக்கிட்டு, நடுச்சாமத்துல அந்தப் பாறைக்கு போவோம். அம்மா நெனச்சிச்சி நான் ஏதோ பொம்பளப்புள்ள கூட பேசத்தான் போறேன்னு. அப்படி இருந்திருந்தா கூட பரவால்ல. நாங்க ரெண்டு பேரும் குளிர்ல நடுங்கிக்கிட்டு ஒரே போன பார்த்து சிரிச்சிக்கிட்டு இருப்போம், கீழ லயத்துல நாய் கொலைக்கும், யாராவது ஒரு கெழவர் ஜன்னல தொறந்து கெட்ட வார்த்தையில ஏசுவாரு.

அதுவரைக்கும் தமிழ்ல நெட்டுல வந்த சிரிப்பெல்லாம் சென்னையில செஞ்சி வர்றதுதான். கரண்ட் கட், ஆட்டோக்காரன், இஞ்சினியரிங் காலேஜ். சிரிப்போம், இல்லன்னு சொல்லல, ஆனா அடுத்த வீட்டு கல்யாணத்துல சாப்புடுற மாதிரி. இந்த சைட்லதான் முதல் தடவையா எங்க பஸ் வந்துச்சி, கவர்மெண்ட் சீடீபி பஸ் கண்டக்டர் மிச்சக் காசு குடுக்காம டிக்கட்டுக்குப் பின்னால எழுதி வைக்கிறது வந்துச்சி, ஓஎல் பரீட்சை கணக்கு பேப்பர் வந்துச்சி, பாலத்துல நின்னுபோன கோச்சி, அதான் ரயில், வந்துச்சி. எலக்சன் நேரத்துல ஒன்னு போட்டானுங்க பாருங்க, அத இன்னைக்கு நெனச்சாலும் சிரிப்பு வரும். எங்க பக்கம் தெரியும்தானே, ஒவ்வொரு எலக்சனுக்கும் யாராவது ஒருத்தர் மாலையும் கழுத்துமா வந்து தனி வீட்டுத் திட்டம்னு சொல்லி அடிக்கல் நட்டுட்டுப் போவாரு, 7 பேர்ச்சஸ் காணி, ரெண்டு ரூம், குசினி எல்லாம் சொல்லுவாரு, அடுத்த எலக்சனுக்கு இன்னொருத்தர் வந்து அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கல்லு நடுவாரு. இவனுங்க போட்டது இதுதான்: "நட்ட அடிக்கல்லெல்லாம் ஒன்னாக் கூட்டி அடுக்குங்கடா, ஒரு லயமே கட்டிப்புடலாம்." அவ்வளவுதான். மச்சான் பாறையில இருந்து கீழ விழுந்துட்டான், நெசமாவே, மொழங்கை தேஞ்சி போச்சி.

அத எழுதுனவன் எங்கயோ எங்கள மாதிரி ஒரு லயத்து ரூம்ல, காம்பராவுல, ஒக்காந்து எழுதியிருக்கான்னு நான் நம்புனேன். அதுதான் விஷயம். எங்காளு ஒருத்தன் அங்க இருக்கான்னு.

கொஞ்ச நாள்ல நானும் எழுதி அனுப்ப ஆரம்பிச்சேன். முதல்ல எடுத்தது லயத்துக் கூரைய பத்தி. "எங்க வீட்டுல ஷவர் இருக்கு, காம்பராவுக்கு நாலு, மழை வந்தா தானா ஓடும்"னு. என் பேர் போடல, அவனுங்க லோகோ மட்டும்தான் மூலையில இருந்துச்சி, அதுக்கே எனக்கு தல கால் புரியல. சேர்ட்டிபிக்கட் குடுத்த மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிக்கிட்டேன்.

ஏஎல் சரிவரல. 2016ல கொழும்புக்கு வந்து பெட்டாவுல ஒரு சாமான் கடையில நின்னேன், மேல மாடியில ஏழு பேருக்கு ஒரு ரூம். மொதலாளிக்கு என் பேர் தெரியும், ஆனா அவசரத்துக்கு "டேய் தோட்டக்காட்டான்"னுதான் வாயில வரும், எங்க சனத்த எளக்காரமா சொல்ற பேரு. கோவத்துலன்னு இல்ல, சும்மா பழக்கத்துல. அது இன்னும் மோசம்னு இப்ப தோணுது, அப்ப நான் சிரிச்சிக்கிட்டே மூட்டைய தூக்குவேன்.

அந்த ரூம்லயே யாழ்ப்பாணத்து பொடியன் ஒருத்தன் இருந்தான். அவன் பேசுறது எனக்கு வேடிக்கையா இருக்கும், எதுக்கெடுத்தாலும் ஓமோம், எல்லாத்தையும் இழுத்து இழுத்து. அத அப்படியே எழுதி அனுப்புனேன். போட்டானுங்க, நல்லா ஓடுச்சி. ராத்திரி சாப்புடுற நேரத்துல அவன் அத பார்த்தான். யார் எழுதுனதுன்னு அவனுக்கு தெரியாது, ஆனா அதுல இருந்த ஒரு வார்த்தை அவன் அன்னைக்கு முந்தின நாள் என்கிட்ட பேசுன வார்த்தை. போன கவுத்து வச்சிட்டு, பருப்ப சோத்துல பெசஞ்சி, ஒன்னும் பேசாம சாப்புட்டு, கைய கழுவிட்டுப் படுத்துட்டான். அதுக்கப்புறம் ரெண்டு மூணு கெழமைக்கு என்கிட்ட பேசுறப்ப புத்தகத்துல இருக்குற மாதிரி பேசுனான். "நீங்கள் சாப்பிட்டீர்களா"ன்னு. நான் ஒன்னும் கேக்கல, அவனும் சொல்லல. இத முதல்ல சொல்லிப்புடணும், ஏன்னா கீழ நான் எழுதப்போறத படிச்சிட்டு இவன் பெரிய யோக்கியன்னு யாரும் நெனச்சிடக் கூடாது. அடுத்தவன் ஊரு பேச்ச வச்சி சிரிச்ச வரைக்கும் அந்த சைட்ல எனக்கு ஒரு கொறையும் தெரியல.

கொறை தெரிய ஆரம்பிச்சப்ப கூட நான் அவனுங்களுக்கு வக்கீலாத்தான் நின்னேன். மத்த பக்கங்கள்ல இருந்து சுட்டுப் போட ஆரம்பிச்சானுங்க, அடுத்தவன் லோகோவ வெட்டிட்டு இவனுங்கட ஒட்டி. ரூம்ல பயலுக சொன்னப்ப நான் சண்டைக்குப் போனேன். சும்மா இல்ல, நெட்ல படிச்சி ஆதாரத்தோட. டேய், ஒலகத்துல பெரிய காமெடி சைட்டே நிக்க முடியாம தவிக்குது, கிராக்ட் 1958ல பத்திரிகையா தொடங்குன பேரு, அந்த சைட்ட 2016ல ஒரு அமெரிக்கக் கம்பெனி 3 கோடி 90 லட்சம் டாலருக்கு வாங்குச்சி, மறு வருஷம் டிசம்பர்லயே 25 பேர வேலைய விட்டு அனுப்பிருச்சி. பேஸ்புக்க நம்பி எல்லாரும் வீடியோவுக்கு ஓடுனானுங்க, அப்புறம் பேஸ்புக்கே 2016ல ஒத்துக்கிச்சி, சனம் வீடியோ பார்க்குற நேரத்த கூட்டிக் காட்டிட்டோம்னு. 2018 ஜனவரியில கூட்டாளி, சொந்தக்காரன் போடுறதத்தான் முன்னால காட்டுவோம்னு பேஸ்புக் சொன்னதும் இந்த மாதிரி பக்கமெல்லாம் படுத்துருச்சி. அவனுங்களே அப்படின்னா நம்ம பொடியனுங்க என்ன செய்வானுங்க, தமிழ்ல சிரிப்பு எழுதுனா எவன் காசு குடுக்குறான்? இப்படியெல்லாம் பேசுவேன். பொறகு 2020ல காலேஜ்ஹ்யூமர்னு இன்னொரு அமெரிக்க காமெடி சைட்ல நூறு பேருக்கு மேல ஒரே அடியா வேலை போனப்ப கூட நான் சொன்னது சரிதான்னு எனக்குள்ள ஒரு அற்ப சந்தோசம்.

2018 மார்ச்ல கண்டிப் பக்கம் திகனயில முஸ்லிம் சனத்துக்கு எதிரா கலவரம் நடந்தப்ப பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாத்தையும் ஒரு கெழம மாதிரி மூடி வச்சிருந்தாங்கல்ல, அந்த நாள்ல மத்தவனெல்லாம் வீபிஎன் போட்டு நோண்டிக்கிட்டு இருந்தப்ப நான் அந்த சைட்ட பேர் அடிச்சி நேரா போய் பார்த்தேன். அவ்வளவு விசுவாசம். அந்த வருஷம் பெப்ரவரியிலதான் சைட்டுக்கு விளம்பரம் குடுத்து காசு தர்ற கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கும் வந்துச்சி, இனி இவனுங்களுக்கு நாலு காசு வரும், களவெடுக்காம ஒழுங்கா எழுதுவானுங்கன்னு நெனச்சேன். வந்தது வேற. ஒரே பக்கத்துல படிச்ச சிரிப்ப பத்து பக்கமா வெட்டிட்டானுங்க, ஒன்னொன்னுக்கும் "அடுத்து" தட்டணும், தட்டத் தட்ட விளம்பரம், தலைப்பெல்லாம் "இவர் செய்த காரியத்தைப் பாருங்கள்", உள்ள போனா ஒரு காரியமும் இல்ல.

சரி, அதெல்லாம் கூட மன்னிச்சிட்டேன்.

2018 அக்டோபர்ல தோட்டத் தொழிலாளிங்க சம்பளத்துக்கான கூட்டு ஒப்பந்தம் முடிஞ்சிச்சி. ஒரு நாளைக்கு அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, அதோட வரவுக்கு, உற்பத்தித் திறனுக்கு, அதுக்கு இதுக்குன்னு எல்லாம் சேர்த்தாத்தான் 730. அதுவும் எங்க தோட்டத்துல 18 கிலோ எடுத்தாத்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், இல்லாட்டி அரைப் பேர். ஆயிரம் ரூபா வேணும்னு எல்லா எடத்துலயும் சத்தம். 24ஆம் தேதி காலி முகத்திடல்ல கறுப்பு உடுப்போட மலையகப் பயலுக கூடுனாங்க. கொழும்புல கடை, ஹோட்டல், வீடுன்னு வேல பார்த்த எங்க புள்ளைங்க இத்தன பேர் இருக்காங்கன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சி. நான் மொதலாளிகிட்ட பல்லுவலின்னு சொல்லிட்டுப் போனேன். கறுப்பு டீசேட் என்கிட்ட இல்ல, தந்தது யாருன்னு நெனக்கிறீங்க, அந்த யாழ்ப்பாணத்து பொடியன்தான், அவன்ட நல்ல டீசேட்டு, "ஊத்தையாக்காமக் கொண்டா"ன்னு சொல்லிக் குடுத்தான். அப்ப அவன் திரும்ப அவன் பேச்சுக்கு வந்திருந்தான்.

அதுக்கு ரெண்டு கெழம கழிச்சி தீபாவளி. முதல் நாள் விடியக்காலை பொடி மெனிக்கே கோச்சியில ஏறுனேன். நாவலப்பிட்டி வரைக்கும் நிக்க எடமில்ல, அதுக்கப்புறம் கதவுப் பக்கம் கொஞ்சம் எடம் கெடச்சிச்சி, பையில அம்மாவுக்கு சாரி, அப்பாவுக்கு சாரம், தம்பிக்கு வெடி. அட்டன் தாண்டுனதும் போன எடுத்து அந்த சைட்ட தொறந்தேன், வழக்கமா செய்யிறதுதான். படம் மேல இருந்து கீழ ஒவ்வொரு கோடா எறங்கி வருது, கோச்சி சிங்கமலை டனலுக்குள்ள போயிருச்சி. சிக்னல் செத்துச்சி.

உள்ள போனா தெரியும்தானே, பெட்டி முழுக்க பயலுக ஹூன்னு கத்துவானுங்க. அந்த இருட்டுல, அந்த சத்தத்துல, என் கையில அந்த பாதிப் படம் மட்டும் வெளிச்சமா நிக்குது. ஒரு கொழுந்து எடுக்குற பொம்பள. தலையில துணி, நெத்தியில கூடைக் கயிறு, பல்லு தெரிய சிரிக்குது. அதுக்கு மேல "ஆயிரம் ரூபா கெடச்சா…"ன்னு எழுத்து. அதுக்குக் கீழ வெள்ளையா இருக்குது, லோட் ஆகல. எனக்கு நெஞ்சு நெறஞ்சிருச்சிங்க. பார்த்தியா, நம்ம பயலுக நம்ம பக்கம் பேசுறானுங்கன்னு. கீழ என்ன இருக்கும்னு நானே யோசிச்சி வேற பார்த்தேன். கம்பெனிக்காரனுக்கு மயக்கம் வந்துரும்னு இருக்குமா, அடிக்கல்லுக்கு நாமளே சீமெந்து வாங்கலாம்னு இருக்குமா. டனல் முடிய எவ்வளவு நேரம், ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் இருக்கும், அதுக்குள்ள மூணு ஜோக் செஞ்சிட்டேன்.

வெளிய வந்துச்சி. வெளிச்சம் கண்ண குத்துச்சி. மிச்சப் பாதி எறங்குச்சி.

சாராய போத்தல். அது பக்கத்துல "தோட்டத்துல தீபாவளி, பார்க்காரனுக்கு வாழ்த்துக்கள்."

கொட்டகலை வர்ற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். குடி இல்லன்னு நான் சொல்ல வரல. எங்கப்பா சம்பளத்தன்னைக்கு நேரா வீட்டுக்கு வந்த நாள விரல் விட்டு எண்ணிரலாம், அத வச்சி எங்கம்மாவே நூறு கத சொல்லும், லயமே சிரிக்கும். மாசி மாசம் காமன் கூத்துல கோமாளி வேஷம் கட்டுறவன் குடிகாரன் மாதிரி விழுந்து காட்டுவான், கணக்கப்பிள்ளை மாதிரி நடந்து காட்டுவான், தலைவர் மாதிரி துண்ட ஒதறிப் பேசுவான், ஒருத்தரையும் விட மாட்டான். ஆனா விடிஞ்சா அவனும் அதே பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, வந்து நிக்கணும். யாரப் பத்தி சொன்னானோ அந்த ஆளு பக்கத்துல நின்னுதான் பேர் குடுக்கணும். அதனால அவனுக்கு எங்க நிப்பாட்டணும்னு ஒரு கணக்கு இருக்கும். நான் கூட அந்த ஓமோம் ஜோக்க எழுதிட்டு அவன் பக்கத்துலதான் பாய் விரிச்சிப் படுக்க வேண்டியிருந்திச்சி. இந்த படத்த செஞ்சவன் எந்தப் பெரட்டுல நின்னான்?

அன்னைக்கு ராத்திரி பழைய பாறைக்குப் போய் அவனுங்களுக்கு மெசேஜ் போட்டேன். ஏசல. "நான் ஒங்களுக்கு நெறைய எழுதித் தந்தவன், இத எடுத்துருங்க, எங்கம்மா கொழுந்து எடுக்குது"ன்னு மட்டும்தான். நாலு நாள் கழிச்சி பதில் வந்துச்சி: "ஜோக்க ஜோக்கா பாருங்க ப்ரோ", பக்கத்துல கண்ணுல தண்ணி வர சிரிக்கிற மூஞ்சி ஒன்னு. அடிக்கல் ஜோக்க எழுதுன ஆளு இப்ப அங்க இருக்காரான்னு கேட்டேன். அதுக்கு பதில் வரவே இல்ல. விட்டுட்டுப் போயிருப்பாருன்னுதான் நெனச்சிக்கிறேன், அப்படி நெனச்சாத்தான் எனக்கு கொஞ்சம் நிம்மதி.

அப்பவும் முழுசா விட்டேன்னு சொன்னா பொய். கை பழகிப் போச்சி, கடையில சும்மா இருக்குற நேரம் போய் எட்டிப் பார்ப்பேன். 2019ல அடிப்படை 700 ஆச்சி, ஆயிரம் வரல. 2021 மார்ச்லதான் ஆயிரம் ரூபான்னு கவர்மெண்ட் வர்த்தமானி வந்துச்சி, அதுலயும் 900, மிச்சம் 100 வரவு செலவுப் படி. அன்னைக்கே இவனுங்க அதே படத்த தூசி தட்டி எடுத்து, மேல "கெடச்சிருச்சி"ன்னு ஒரு வார்த்தைய மட்டும் மாத்திப் போட்டானுங்க. அதே பொம்பள, அதே சிரிப்பு, அதே போத்தல். ரெண்டரை வருஷத்துல புதுசா ஒரு ஜோக் எழுதக் கூட ஒருத்தனுக்கு வக்கில்ல. முதல் தடவ பார்த்தப்ப வந்த கோவம் கூட வரல, சீ இவ்வளவுதானான்னு ஆயிருச்சி. போன்ல இருந்த ஸ்க்ரீன்ஷாட்டெல்லாம் அழிச்சேன், ஷவர் ஜோக்கையும் சேர்த்து. யாழ்ப்பாணத்தான் ஜோக்க மட்டும் அழிக்கல, அது கெடக்கட்டும்.

ஆ, ஒன்னு விட்டுட்டேன். அந்த தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், நான் பாறைக்குப் போறதுக்கு முன்னால வீட்டுல நடந்தது.

நான் அம்மாவுக்கு காட்டக்கூடாதுன்னுதான் இருந்தேன். தம்பி இருக்கானே, அவனும் அதே படத்த எங்கயோ எறக்கி வச்சிருந்தான், "அம்மா இங்க பாரேன்"னு நீட்டிட்டான். அம்மா அடுப்புல ரொட்டி போட்டுக்கிட்டு இருந்திச்சி. மாவுக் கைய சீலையில தொடச்சிட்டு போன வாங்குச்சி. கொழுந்துக் கறை பட்டு வெடிச்ச வெரலு, அது தொட்டா அந்த போனுக்கு வெளங்காது, படம் நகராது, தம்பிதான் பெருசாக்கிக் காட்டுனான்.

"இந்தப் புள்ள எந்தத் தோட்டம்?"

யாருக்குத் தெரியும், எவனோ டூரிஸ்ட்டு எடுத்த படம்னான் தம்பி.

அம்மா கண்ண சுருக்கிப் பார்த்துச்சி. "இடுப்புல படங்கு புத்தம் புதுசா இருக்குது. கூடையில பாரு, பூரா முத்தல். இத கொழுந்து நிறுக்குற மடுவத்துல கொண்டு போய் கொட்டுனா கணக்கப்பிள்ளை சும்மா விடுவாரா, அஞ்சு கிலோ வெட்டிப்புடுவாரு." கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துட்டு, "அடியில என்னா போட்டிருக்கு, வாசி"ன்னுச்சி.

தம்பி வாசிச்சான். நான் அடுப்பப் பார்த்துக்கிட்டு நின்னேன். அம்மா ஒன்னும் பேசல, ரொட்டிய திருப்பிப் போட்டுச்சி. அப்புறம் உள் காம்பராவப் பார்த்து கொரல் குடுத்துச்சி.

"இந்தா, ஒன்னத்தான் கேக்குறேன், ஆயிரம் ரூபாய்க்கு ஒரு போத்தல் வருமா?"

அப்பா படுத்துக்கிட்டே, யோசிக்கவே இல்ல, "பத்தாது"ன்னாரு.

அம்மா சிரிச்ச சிரிப்புல அந்த ரொட்டி கருகிப் போச்சி.